கழற்றி அடிப்பதா, ஒட்டி அடிப்பதா: காரின் சின்னத் துருவுக்கு எது சரி?

ஞாயிற்றுக்கிழமை காலை. சிங்கப்பூரில் எங்கள் புளோக்கின் பலமாடிக் கார்நிறுத்துமிடத்தில், கார் கழுவும் மூலையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பூட் மூடியில், நம்பர் பிளேட்டுக்கு மேலே ஓடும் குரோம் பட்டையின் இடது முனையிலிருந்து தேத்தண்ணி வடிந்தது போல ஒரு பழுப்புக் கோடு. துணியால் அழுத்தித் தேய்த்ததும் போய்விட்டது. அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே கோடு.

இரண்டு வொர்க்‌ஷாப்புகளில் காட்டினேன். சின் மிங்கில் இருந்த அங்கிள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. டேப் ஒட்டி அடித்துவிடலாம், காலையில் கொடுத்தால் சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். காக்கி புக்கிட்டில் இருந்த தமிழ் அண்ணன் பட்டையின் விளிம்பில் நகத்தை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, “இதைக் கழட்டிப் பாக்காம நான் விலையே சொல்ல மாட்டேன் தம்பி” என்றார். கழற்றி அடிக்க இரண்டு நாள். கூலி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

காரில் துரு கண்டவுடன் எல்லாரும் பெயின்டைப் பற்றித்தான் யோசிக்கிறோம். எந்த நிறம், பொருந்துமா, பொருந்தாதா என்று. முதல் முடிவு அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. துருவுக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டை, பேட்ஜ், ரப்பர், மட்கார்டு ஆகியவற்றைக் கழற்றிவிட்டு அடிப்பதா, அவற்றின் மேல் டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடிப்பதா, இல்லை ஒரு சின்னத் தூரிகையால் தொட்டு வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பதா? நான் கழற்றி அடிக்கும் கட்சி. ஆனால் எல்லா இடத்திலும் இல்லை, எல்லா வண்டிக்கும் இல்லை.

முதலில் சிஓஇ தேதி

வேறு ஊராக இருந்தால் துருவைப் பார்த்துப் பதில் சொல்லிவிடலாம். நம் ஊரில் சிஓஇ, அதாவது காரை வைத்திருக்கத் தவணை போட்டுக் கொடுக்கும் உரிமைச் சான்றிதழ், எப்போது முடிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் துருவைப் பார்க்க வேண்டும்.

உங்கள் வண்டிக்கு எட்டரை வயது, பத்தாவது ஆண்டில் பதிவை நீக்கிவிடப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அரசாங்கத்திடமிருந்து திரும்பக் கிடைக்கும் பார்ஃப் தொகை, வாங்கும்போது கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணத்தையும் வண்டியின் வயதையும் வைத்துக் கணக்கிடப்படுவது. பூட் மூடியின் பளபளப்புக்கு அதில் ஒரு காசு கிடையாது. அப்படிப்பட்ட வண்டிக்கு இரண்டு நாள் வொர்க்‌ஷாப் வேலை வீண். தொட்டு வையுங்கள், போதும்.

சிஓஇயைப் புதுப்பித்த வண்டியின் கதை வேறு. 2023இல் சிறிய கார்களுக்கான சிஓஇயே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியதைப் பார்த்த பிறகு, ஓடுகிற வண்டியை ஏன் விடுவது என்று பலர் யோசிக்கத் தொடங்கினார்கள். நானும் அப்படித்தான். ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்தேன். ஐந்து ஆண்டுப் புதுப்பிப்பை மறுபடி நீட்டிக்க முடியாது என்பதால் வண்டிக்கு முடிவு தேதி எழுதி வைத்தாகிவிட்டது. இன்னும் நான்கு ஆண்டு. பத்து ஆண்டுக்குப் புதுப்பித்தவர் வண்டி 20 வயது வரை ஓடும். பார்ஃப் இருவருக்கும் போய்விட்டது. பத்து வயது தாண்டியதும் சாலை வரி 10 விழுக்காடு கூடுகிறது, ஆண்டுக்கு ஆண்டு ஏறி 50 விழுக்காட்டில் நிற்கிறது. மூன்றிலிருந்து பத்து வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இருந்த பரிசோதனை, அதன் பிறகு ஆண்டுதோறும். இவ்வளவு கொடுத்து வைத்திருக்கும் வண்டியைத் துருவுக்குத் தின்னக் கொடுப்பானேன்?

என் கணக்கு இதுதான். இரண்டு ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் தொட்டு வைப்பது. நான்கும் அதற்கு மேலும் இருந்தால் கழற்றுவது. நடுவில் இருப்பவர்கள் துரு எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்கலாம்.

பட்டைக்குப் பின்னால் நடப்பது

இங்கே பனி இல்லை, சாலையில் உப்பும் தூவுவதில்லை. அதனால் குளிர்நாட்டுக் கார்களைப் போல அடித்தளம் முழுவதும் அரிப்பது அபூர்வம். நம் கார்களில் துரு ஒளிந்து வருகிறது. சாயங்காலம் கொட்டும் மழையில் நனைந்த வண்டியைக் கொண்டுபோய் இரண்டாம் மாடியில் நிறுத்துகிறோம். வெளித்தகடு அரை மணியில் காய்ந்துவிடும். பட்டைக்கும் தகட்டுக்கும் இடையில் புகுந்த தண்ணீர் மறுநாள் காலை வரை இருக்கும். காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் ஊரில் அது எங்கே போய்க் காயும்? மரின் பரேட், பாசிர் ரிஸ் பக்கம் திறந்தவெளியில் நிறுத்துபவர்களுக்குக் கடல்காற்றின் உப்பும் கூடவே.

பெயின்ட், அடியில் பூசும் பிரைமர், மேலே பூசும் நிறமில்லாத கிளியர் எல்லாம் சேர்ந்தாலும் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான், ஒரு தாள் அளவு. வண்டி ஓடும்போது பிளாஸ்டிக் பட்டை மெல்ல அதிர்ந்து, இடையில் சிக்கிய மண்ணை வைத்து அந்தத் தாளைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. கிளிப்புக்காகப் போட்ட ஓட்டைகளின் விளிம்பில் பெயின்ட் முதலிலிருந்தே மெல்லிசு. போதாததற்கு, இடுக்கின் உள்ளே ஆக்சிஜன் குறைவு, அதன் வாய்ப்பக்கம் அதிகம். இந்த ஏற்றத்தாழ்வே ஒரு சின்ன பேட்டரி போல வேலை செய்து அரிப்பை வேகப்படுத்தும். துருவுக்கு இரும்பைவிட இடம் அதிகம் தேவை. அதனால் அது பெயின்டைத் தூக்கிக்கொண்டு கொப்புளமாக வளர்கிறது. வெளியே ஒரு பச்சைப்பயறு அளவு தெரிந்தால் உள்ளே ஐம்பது காசு அளவு இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

அது மேல்துருதானா என்று பார்க்க ஸ்க்ரூடிரைவரின் முனையால் மெதுவாக அழுத்துங்கள். கெட்டியாக நின்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு. முனை உள்ளே இறங்கினால் அது ஓட்டை; வெட்டி, வெல்டிங் வைத்து ஒட்ட வேண்டிய வேலை. பின்சக்கர வளைவின் உதட்டில் கொப்புளம் கண்டால் குனிந்து உள்பக்கத்தையும் பாருங்கள். அங்கே வரும் துரு பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே வருவது.

ஒட்டி அடித்தால் என்ன ஆகும்

என் மச்சானின் டெலிவரி வேனில் பின்கதவுக் கைப்பிடிக்குக் கீழே இப்படித்தான் ஒரு துரு வந்தது. டேப் ஒட்டி அழகாக அடித்துக் கொடுத்தார்கள். எடுத்து வந்த அன்று எது பழையது, எது புதியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஓர் ஆண்டுக்குள் அதே இடத்தில் கோடு திரும்பிவிட்டது.

அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. டேப் ஒட்டிய விளிம்பு வரைதான் உப்புத்தாள் போகும். விளிம்புக்குக் கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டரில் யார் கையும் சரியாகப் படாது. அதற்குள் இருக்கும் துரு அப்படியே இருக்கிறது, அதன் வாசலை மட்டும் பூசி மெழுகிவிடுகிறோம். டேப்பை உரிக்கும்போது புதிய பெயின்ட் அங்கே ஒரு சின்ன வரப்பாக நின்றுவிடும். பிளாஸ்டிக்கும் தகடும் வெயிலில் வெவ்வேறு அளவில் விரிகின்றன. வரப்பில் மயிரிழை விரிசல் விழுகிறது. தண்ணீருக்கு அது போதும்.

அதற்காக ஒட்டி அடிப்பதை முழுக்கத் தள்ளிவிடவும் கூடாது. பானெட்டில் கல் தெறித்த இடம், கதவின் நடுவில் யாரோ தள்ளுவண்டியால் இடித்த இடம் போல, துரு எந்தப் பொருத்துப் பாகத்திலிருந்தும் இரண்டு விரற்கடையாவது தள்ளி இருந்தால் கழற்றுவதற்கு அவசியமே இல்லை. ஜன்னல் ரப்பர் போல வளையும் பாகங்களுக்கு நடுவழி ஒன்றும் உண்டு: ரப்பர் உதட்டுக்கு அடியில் மெல்லிய கயிற்றைச் செருகி அதைத் தூக்கிவிட்டு, டேப்பை அடியில் விட்டு ஒட்டுவது. விளிம்பு ரப்பருக்குள் மறைந்துவிடும். ஆனால் பத்து ஆண்டு வெயில் தின்ற ரப்பர் வளையாது, கிழியும். விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

எதைக் கழற்றலாம், எதைத் தொடக்கூடாது

முதலில் சுலபமானது, மட்கார்டு. மூன்று நான்கு ஸ்க்ரூதான். துருப்பிடித்து இறுகியிருந்தால் முந்தின நாளே ஊடுருவும் எண்ணெய் விட்டு வையுங்கள். கழற்றியதும் அதற்கும் சக்கர வளைவுக்கும் நடுவில் அடைந்திருக்கும் சேற்றைப் பார்த்தால் அசந்துவிடுவீர்கள். துரு இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிக் கழுவலாம். இங்கே ஒட்டி அடிப்பவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

பேட்ஜ்களில் பல வெறும் பசை டேப்பில் நிற்பவை. ஹேர் டிரையரால் சூடு காட்டி, தூண்டில் நரம்பைப் பின்னால் விட்டு ரம்பம் போல இழுத்தால் கையோடு வந்துவிடும். அதற்கு முன் சுற்றிலும் டேப் ஒட்டி இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கோணலாகத் திரும்ப ஒட்டிய பெயர்ப்பலகையைத் தினமும் பார்க்கும் வேதனை எனக்குத் தெரியும். சில பேட்ஜ்களில் பின்பக்கம் சின்ன முளைகள் இருக்கும், அவை தகட்டில் ஓட்டைக்குள் போகும். நரம்பு நடுவில் முட்டி நின்றால் அதுதான். முரட்டுத்தனமாக இழுக்காமல் நேராக வெளியே எடுங்கள். பேட்ஜைச் சுற்றித் துரு என்றால் இந்த ஓட்டைகளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கதவு ஜன்னலுக்குக் கீழே ஓடும் நீளப் பட்டை ஏமாற்றுக்காரன். பார்க்கச் சாதாரணம், ஒரு முனையைத் தூக்கி இழுத்தால் உள்ளிருக்கும் மெல்லிய உலோகம் மடங்கி, வாழ்நாள் முழுக்க ஒரு சுருக்கம் தெரியும். சில வண்டிகளில் கதவின் உள்பலகையையே கழற்றினால்தான் அது முறையாக வரும். மாற்றுப் பட்டை கிடைக்கும் என்று உறுதியான பிறகே கை வைக்கவும்.

கூரையின் இரு ஓரத்திலும் பள்ளத்தில் படுத்திருக்கும் கறுப்புப் பட்டை கிளிப்புகளில் நிற்பது, மேல்நோக்கித் தூக்கினால் வரும். அடியில் தகடுகள் சேரும் இடத்தைப் பூசிய சீலர் வெடித்திருந்தால் அதையும் சுரண்டிப் புதிதாகப் பூச வேண்டும். இல்லையென்றால் அடுத்த மழை உங்கள் தலையில். கூரைக் கம்பிகள் உள்ள வண்டி என்றால் நான் விலகிக்கொள்வேன். பல வண்டிகளில் அவற்றின் நட்டுகள் உட்கூரைத் துணிக்கு மேலே இருக்கின்றன. அதே ஓரத்தில்தான் பக்கவாட்டு ஏர்பேக்கும் சுருண்டு கிடக்கிறது. முன்கண்ணாடியைச் சுற்றிய துருவும் அப்படித்தான். அந்தக் கண்ணாடியை ஒட்டும் பசை வண்டியின் பலத்தில் ஒரு பங்கு. அறுத்தெடுத்துத் திரும்ப ஒட்டுவது வீட்டு வேலை அல்ல.

கதவுக் கைப்பிடி, மழைத் தடுப்பு ஆகியவற்றுக்கு அடியில் துரு வருவது குறைவு. கோடு வடியாத வரை விட்டுவிடுங்கள்.

இனி என் தலைவலி, பூட் மூடியின் குரோம் பட்டை. இதைப் பிடித்திருக்கும் நட்டுகள் வெளியே தெரியாது. பூட் மூடியைத் திறந்து உள்பக்கத் துணிப்பலகையைக் கழற்றினால் வரிசையாக இருக்கும். பெரும்பாலும் 8 அல்லது 10 மில்லிமீட்டர். நம்பர் பிளேட் விளக்குக்கும், பூட் திறக்கும் பொத்தானுக்கும் போகும் ஒயர்களைப் பிரித்துவிட வேண்டும். நட்டுகள் போனதும் இரு முனைகளிலும் கிளிப்புகள் மட்டும் பிடித்திருக்கும். அவற்றைப் பிளாஸ்டிக் நெம்புகோலால் நெம்ப வேண்டும், ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் துருவுக்குப் புதிய இடம் ஒன்று கிடைக்கும்.

பட்டை கையில் வந்தபோதுதான் காரணம் புரிந்தது. ஒவ்வொரு போல்ட்டையும் சுற்றி, தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்க ஒரு நுரை வளையம் வைத்திருந்தார்கள். பத்து ஆண்டில் அது பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஞ் ஆகிவிட்டது. அமுக்கினால் தண்ணீர் வந்தது, மழை பெய்து இரண்டு நாள் ஆகியும். தண்ணீரைத் தடுக்க வைத்த பொருளே அதைச் சேமித்து வைத்து, இடது முனை போல்ட் ஓட்டையைச் சுற்றி ஒரு பழைய ஐம்பது காசு அளவுக்குத் தகட்டை அரித்திருந்தது. வெளியே தெரிந்த தேத்தண்ணிக் கோட்டுக்கு மேலே வெளித்தகட்டில் கொப்புளம் ஒன்றுகூட இல்லை. சின் மிங் அங்கிள் சொன்னபடி டேப் ஒட்டி அடித்திருந்தால், நல்ல தகட்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, கெட்ட தகட்டை அப்படியே விட்டிருப்போம்.

நான்காவது வழி

அந்த நிமிடத்தில் எனக்கு இன்னொன்றும் உறைத்தது. துரு முழுக்கப் பட்டையின் நிழலுக்குள்ளேயே இருக்கிறது. பட்டையைத் திரும்ப வைத்தால் நான் செய்யும் வேலை எதுவும் வெளியே தெரியப் போவதில்லை. அப்படியானால் நிறம் பொருந்த வேண்டியதில்லை, பளபளப்பு தேவையில்லை, என் கைநடுக்கத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. வெள்ளி நிற மெட்டாலிக் பெயின்டைக் கைத்தூரிகையால் பொருத்துவது நடக்காத காரியம். ஆனால் அந்தப் பிரச்சினையே இங்கே இல்லை. துருவை நிறுத்தினால் போதும்.

ஆக, கழற்றுவது என்பது வொர்க்‌ஷாப்பின் விலை உயர்ந்த சேவை மட்டுமல்ல. துரு பாகத்துக்கு அடியிலேயே அடங்கியிருக்கும்போது அது நமக்கு மிகவும் எளிய வழி. பாகத்துக்கு வெளியே பார்வைபடும் இடம் வரை துரு பரவியிருந்தால்தான் ஸ்ப்ரே, நிறப்பொருத்தம், கிளியர் என்று நிபுணர் வேலை. அப்போதும் கழற்றச் சொல்லியே கொடுங்கள். பெயின்ட் முடியும் விளிம்பு பட்டைக்கு அடியில் மறைந்துவிடும். சில கடைகளில் நாமே கழற்றிக் கொண்டுபோனால் கூலி குறையும். வேறு சிலர், நீங்கள் கழற்றியதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்பார்கள். அதுவும் நியாயம்தான்.

எதைப் பூசுவது என்பதையும் கழற்றுவதா வேண்டாமா என்பதே தீர்மானிக்கிறது. கழற்றிய இடத்தில் வெறும் இரும்பு மின்னும் வரை தேய்க்க முடியும்: 80ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி, 180, பிறகு ஓரங்களை 320இல் மெலிதாக்கி, மேலே இரண்டு பாகம் கலக்கும் எபோக்சி பிரைமர். கழற்ற முடியாத இடுக்கில் வெறும் இரும்பைக் காண முடியாது. அங்கேதான் துருமாற்றித் திரவம் உதவும். அதில் இருக்கும் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ மிச்சத் துருவோடு வினைபுரிந்து அதை நிலையான கறுப்புப் படலமாக்கும். அதற்கு வேலை செய்யத் துரு தேவை, சுத்தமான இரும்பில் பூசிப் பயனில்லை. இரண்டையும் குழப்பக்கூடாது என்பதும் முக்கியம். அமிலத்தின் மிச்சம் இருக்கும் இடத்தில் எபோக்சி சரியாகப் பிடிக்காமல் பிறகு ஏடு ஏடாகப் பெயரும். இரட்டைப் பாதுகாப்பு என்று நினைத்து இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசுபவர்கள் பலர்.

நம் ஊர் ஈரத்துக்கு இன்னொரு கட்டுப்பாடு. தேய்த்த இரும்பைக் காலையில் விட்டுவிட்டு மறுநாள் வந்தால் அதன்மேல் ஆரஞ்சுத் தூசி படிந்திருக்கும். தேய்த்த அன்றே பிரைமர் பூசிவிட வேண்டும். ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டினால் பூசக்கூடாது, தகட்டின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி கூட இருக்க வேண்டும் என்பது பூச்சுக்காரர்களின் பொதுவிதி. இங்கே பனிநிலை சுமார் 24 டிகிரி. விடியற்காலையில் நிழலில் கிடக்கும் தகடு அதை ஒட்டியே இருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும். மத்தியானம் ஒன்றிலிருந்து நான்கு வரை நல்ல நேரம், மேகம் திரண்டு வராமல் இருந்தால். மாதங்களில் பிப்ரவரி நல்லது. டிசம்பரில் தொடங்குபவரைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்.

அப்புறம் இடம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் (வீவக) கார்நிறுத்துமிடத்தில் இந்த வேலையை விரிக்க முடியாது, அங்கே வண்டி பழுதுபார்க்கும் வேலைக்கு இடமில்லை. தாழ்வாரத்தில் வைத்துப் பட்டையை மட்டும் தேய்க்கலாம் என்று பார்த்தால் பக்கத்து வீட்டு ஆன்ட்டி மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இரண்டு பாகக் கிளியரை ஸ்ப்ரேயாக அடிப்பதை வீட்டுப் பக்கம் எங்கேயும் செய்யாதீர்கள். அதன் கடினமாக்கியில் இருக்கும் ஐசோசயனேட் மூச்சுக்குழாயைக் கெடுப்பது, ஆஸ்துமா வரவழைப்பது. மருந்துக்கடை முகக்கவசம் அதைத் தடுக்காது. தூரிகையால் பூசும் பிரைமருக்கும் கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம்.

ஜோகூரில் அடித்தால்?

கட்டாயம் யாராவது கேட்பார்கள். கூலி குறைவு, உண்மை. அங்கே நன்றாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள், அதுவும் உண்மை. முழு வண்டிக்கும் பெயின்ட் அடிக்க வேண்டும் என்றால் நானே போவேன். ஆனால் ஒரு பட்டைக்கு அடியில் இருக்கும் துருவுக்குப் பாலம் தாண்டுவது கணக்குக்கு வராது. பெட்ரோல் தொட்டியில் முக்கால் பங்கு நிரப்பிக்கொண்டு போக வேண்டும், மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி இருக்க வேண்டும். 2025 ஜூலையிலிருந்து அது இல்லாத சிங்கப்பூர் வண்டிகளுக்கு 300 ரிங்கிட் அபராதம். வண்டியை விட்டுவிட்டுப் பேருந்தில் திரும்பி, இரண்டு நாள் கழித்து மறுபடி போக வேண்டும். கழற்றி அடித்தார்களா ஒட்டி அடித்தார்களா என்று பக்கத்தில் நின்று பார்க்கவும் முடியாது. என்னைப் பொறுத்தவரை இந்தக் கடைசிக் காரணம் ஒன்றே போதும்.

எங்கே கொடுத்தாலும் விலையைக் கேட்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: கழற்றி அடிப்பீர்களா, ஒட்டி அடிப்பீர்களா? கழற்றுவோம் என்றால், எந்தெந்தப் பாகம், உடைகிற கிளிப்புக்கு யார் காசு, வெறும் தகட்டை எனக்குப் படம் எடுத்து அனுப்புவீர்களா? மூன்றாவதற்கு முகம் சுளிப்பவரிடம் நான் கொடுப்பதில்லை.

நான் செய்தது

மச்சான் வீடு சிராங்கூன் கார்டன்ஸில் தரைவீடு, முன்னால் போர்ட்டிகோ. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அங்கே கொண்டுபோனேன். கழற்ற ஒன்றரை மணி நேரம். அதில் ஒரு மணி நேரம் நான் கைதவறிப் பூட் மூடியின் வயிற்றுக்குள் போட்ட ஒரு நட்டைத் தேடியது; கடைசியில் காந்தக் குச்சியால் கிடைத்தது. பத்து ஆண்டுப் பழைய கிளிப்புகளில் இரண்டு முறிந்தன. முறியும் என்று தெரிந்ததால் ஜாலான் புசார் பக்கத்து உதிரிபாகக் கடையில் ஒரு பாக்கெட் கிளிப் முன்பே வாங்கி வைத்திருந்தேன். அது இல்லாமல் கழற்றத் தொடங்கியிருந்தால் பட்டையை டேப் போட்டு ஒட்டிக்கொண்டுதான் வீடு திரும்பியிருப்பேன்.

தேய்த்து, எண்ணெய்ப்பசை துடைத்து, எபோக்சி இரண்டு கோட் பூசினேன். மறுநாள் மேலே வண்டி நிறத் தொடுபெயின்ட், அதுவும் மன ஆறுதலுக்காக. பழைய நுரை வளையங்களைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒவ்வொரு போல்ட்டையும் சுற்றிப் பியூட்டைல் டேப்பை உருட்டி வைத்தேன். அது மாவு போல அமுங்கி ஓட்டையை அடைக்கும், தண்ணீரை உறிஞ்சாது. பொருட்களுக்கு ஆன செலவு, ஒட்டி அடிக்கக் கேட்ட கூலியில் பாதிகூட இல்லை. நேரம், இரண்டு மத்தியானம். அதற்குப் பிறகு எத்தனையோ மழை பார்த்தாகிவிட்டது, தேத்தண்ணிக் கோடு இன்னும் வரவில்லை.

இடது பின்சக்கர வளைவில் ஒரு கடுகளவு கொப்புளம் இருக்கிறது. மட்கார்டைக் கழற்றிப் பார்த்தேன். உள்பக்கம் சுத்தம், வெளியே கல்பட்ட காயம்தான். பக்கத்தில் கழற்ற எதுவும் இல்லாத, நன்றாகக் கண்ணுக்குத் தெரியும் இடம். அதை ஒட்டி அடிக்கச் சின் மிங் அங்கிளிடமே கொடுக்கப் போகிறேன், அவர் கை சுத்தமான கை. கூரைப் பட்டை மட்டும் மிச்சம். வலதுபக்கம் சீலர் வெடித்திருக்கிறதோ என்று சந்தேகம். ஜூலையில் போர்ட்டிகோ வேண்டும் என்று மச்சானிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சரி என்றார், ஆனால் அவருடைய வேனின் பின்கதவுக் கைப்பிடியை அதே நாளில் கழற்றிவிட வேண்டுமாம். அதற்கு எத்தனை கிளிப் என்று இப்போதுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.